குழாயைக் கைவிட்ட நகரம்

சென்னையின் நடுத்தர வீடுகளில் மூன்று தண்ணீர் உண்டு. குடிக்கக் கேன் தண்ணீர், சமையலுக்கு மெட்ரோ தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர். எது எதற்கு என்பதில் வீட்டில் யாருக்கும் குழப்பம் வராது. வேலைக்கு வரும் அம்மாவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். காலங்காலமாக இப்படித்தான் என்பதுபோல் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வயது முப்பது இருந்தால் அதிகம். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் தொடங்கிப் பிளாஸ்டிக்கிலேயே முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் சின்னக் கேடு இல்லைதான். ஆனால் கேன் தண்ணீருக்காக இந்த நகரம் கொடுத்துவரும் விலையில் அது முதல் இனம் அல்ல. குழாயில் வருவதைக் குடிக்க முடியவேண்டும் என்று கேட்கக்கூடியவர்கள், கேட்டால் அதிகாரிகள் காதில் விழக்கூடியவர்கள், கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் பெரிய செலவு. அது எப்படி நேர்ந்தது என்று பார்க்க, நகரத்துக்குத் தண்ணீர் வந்த கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கவேண்டும்.

மதராஸில் முறையான குடிநீர் ஏற்பாடு 1772-இல் வந்தது. கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி பெத்துநாயக்கன்பேட்டைக்கு வடக்கே கிணறுகள் வெட்டி, அங்கிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்த இடத்தின் பெயர் இன்றைக்கும் ஏழுகிணறு. அது கோட்டைக்கான தண்ணீர், ஊருக்கானது அல்ல. ஊர்க்காரர்கள் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் ஏரியையும் நம்பியிருந்தார்கள். வசதி உள்ளவர்கள் ஆள் வைத்துச் சுமக்கச் செய்தார்கள். கொடுத்த காசு சுமைக்கூலி. 1866-இல் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பிரேசர் கொசஸ்தலை ஆற்றின் நீரைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக நகரத்துக்குத் திருப்பும் திட்டத்தைக் கொடுத்தார். 1872-இல் அந்தத் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் தெருக்களுக்குள் நுழைந்தது. வடிகட்டாத ஏரித் தண்ணீர் அது. கால்வாயில் மாடு இறங்கினாலும் அதேதான் வரும், மழை கரைத்த மண் விழுந்தாலும் அதேதான் வரும். நாற்பது வருடத்துக்கு மேல் நகரம் அதைத்தான் குடித்தது. குழாய் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்தது அல்ல. அதை ஒருவர் கட்டவேண்டியிருந்தது.

கட்டியவர் ஜே. டபிள்யூ. மேட்லி. 1907-இல் சிறப்புப் பொறியாளராக வந்தவர், திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய கட்டுமானக் கால்வாயும் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்களும் நீரேற்று நிலையமும் அமைத்தார். 1914 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. அந்த மெதுவான மணல் வடிப்பான் வேலை செய்யும் விதம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. அகன்ற தொட்டி, அடியில் சரளை, மேலே பொடிமணல், அதற்கும் மேலே ஏரித் தண்ணீர். தண்ணீர் மிக மெல்ல மணலுக்குள் இறங்கும். சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் வழவழவென்று ஒரு நுண்ணுயிர்ப் படலம் படரும். கிருமிகளைப் பெருமளவு பிடித்துத் தின்பது அந்தப் படலம்தான். மணல் அதற்கு இருக்கை. படலம் தடித்துத் தண்ணீர் இறங்காமல் போகும்போது தொட்டியை வடித்து, மேல்மணலைச் சுரண்டி எடுத்து, மறுபடி நிரப்புவார்கள். இதற்குப் பெரிய இடம் வேண்டும், ஆட்கள் வேண்டும், பொறுமை வேண்டும். மின்சாரம் அதிகம் வேண்டாம்; உள்ளே வந்த தண்ணீரில் பாதியைக் கழிவாக வெளியே தள்ளவும் வேண்டாம். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய ஏற்பாட்டைப் புகழ்கிற கட்டுரைகள் இந்த இடத்தில் தண்ணீர்ப் பந்தலைக் கொண்டுவந்து நிறுத்தும். தண்ணீரைத் தானம் செய்த மரபில் விற்பனை புகுந்துவிட்டதே என்று வருந்தும். தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் எழுதிவைத்த கல்வெட்டுகள் நம் கோயில்களில் உண்டு என்பது உண்மை. யாருடைய கை எந்தக் கிணற்றைத் தொடலாம் என்று ஊர்கள் பிரித்துவைத்திருந்ததும் அதே மரபில் அடக்கம். 1927-இல் மஹாடில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடிப்பதையே ஒரு போராட்டமாக நடத்தவேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தண்ணீரின் பொற்காலம் ஒன்று இருந்து அதைக் கேன் கெடுத்துவிட்டது என்ற வாதம் எனக்கு ஒப்புதல் இல்லை. தெருக்குழாயின் சிறப்பு வேறு. காசோ சாதியோ கேட்காமல், திருகினால் எல்லோருக்கும் ஒரே தண்ணீரைத் தரவேண்டிய கடமை அதன் கட்டுமானத்திலேயே இருந்தது. நடைமுறையில் குழாயடியிலும் வரிசையும் வசையும் ஒதுக்கலும் இருந்தன என்றாலும், வீட்டுக்காரர் குடித்ததும் வேலைக்காரர் குடித்ததும் கீழ்ப்பாக்கத்தில் வடிந்த அதே தண்ணீர். அது கெட்டால் இருவருக்கும் சேர்ந்தே கெடும். ஆகவே கெடக்கூடாது என்பதில் இருவருக்கும் அக்கறை இருந்தது.

மேட்லியின் திட்டம் 1961-இல் நகரத்தில் ஆறரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டிருந்தது. 1961-இல் இருந்தவர்கள் பதினேழு லட்சம். நடுவில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. அதற்காக மேயராக இருந்து பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் பிறந்தது, 1996-இல் கிருஷ்ணா நீர் வந்தது, 2004-இல் வீராணம், 2010-இல் மீஞ்சூரில் கடல்நீர் ஆலை, 2013-இல் நெம்மேலி. ஒவ்வொன்றும் தேவைக்குப் பின்னாலேயே ஓடியது. பற்றாக்குறையைப் பங்கிட வாரியம் கண்ட வழி, தண்ணீரை நேரம் வைத்து விடுவது: காலையில் கொஞ்ச நேரம், சில பேட்டைகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சேதம் இந்த இடத்தில்தான் தொடங்கியது. எந்நேரமும் தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். வெளியில் உள்ளது உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தினால் குழாய் வெறுமையாகிறது. பக்கத்தில் சாக்கடைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தால் அந்த ஒழுக்கு விரிசல் வழியே உள்ளே புகும். அதற்கு மேல், அழுத்தம் போதாமல் வீட்டுக்காரர்கள் வைத்த மோட்டார் பம்பு அதை இன்னும் வேகமாக உறிஞ்சும். சுத்திகரிப்பு நிலையத்தில் தேறிய தண்ணீர் வீட்டுத் தரைத்தொட்டிக்கு வருவதற்குள் தோற்றுவிடுகிறது. வருடக்கணக்கில் கழுவாத அந்தத் தொட்டி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. குழாய்த் தண்ணீர் மோசம் என்ற மக்களின் எண்ணம் மூடநம்பிக்கை அல்ல. ஆனால் மோசமானது தண்ணீர் அல்ல, அது விடப்பட்ட முறை. இந்த வேறுபாட்டைச் சொல்ல அன்றைக்கு யாரும் மெனக்கெடவில்லை.

இந்தியாவில் புட்டித் தண்ணீர் வியாபாரம் 1965-இல் பம்பாயில் பிஸ்லெரி என்ற இத்தாலியப் பெயரோடு தொடங்கியது. 1969-இல் பார்லே அதை வாங்கியது. கண்ணாடிப் புட்டியில், பெரிய ஹோட்டல்களில், வெளிநாட்டவருக்காக இருந்த பண்டம் அது. தண்ணீரை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்ற சிரிப்பு அப்போது இருந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சிரிப்பை அடக்கியது பெரிய கம்பெனிகளின் விளம்பரம் அல்ல, வறட்சி. 1993-இல் ஒரு பஞ்சம். 2003-04-இல் அதைவிடக் கொடியது. ஏரிகள் வறண்டு, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் குழாய் விநியோகம் நின்றேபோனது. லாரியும் தெருமுனை பிளாஸ்டிக் தொட்டியும் குடங்களின் வரிசையுமாக நகரம் பிழைத்தது. பேருந்து நிலையங்களில் ஒரு ரூபாய் வாட்டர் பாக்கெட் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. இப்போது இருபது லிட்டர் கேன் வீட்டுக்குள் வந்தது. மழை பெய்தது, ஏரி நிறைந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. கேன் மட்டும் வெளியேறவில்லை. பஞ்சத்துக்கென்று செய்த ஏற்பாடு பஞ்சம் போனபின் வழக்கமாக நிலைத்ததற்குக் காரணம், திரும்பிவந்த குழாயைக் குடிக்கத் தகுந்ததாக்கி, அதை நம்பச் செய்யும் வேலையை வாரியமும் அரசும் எடுத்துக்கொள்ளாததுதான்.

கேன் தொழிலின் பொருளாதாரம் எளிமையானது. நகரின் விளிம்பில் ஒரு துண்டு நிலம், அதில் ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு தகரக் கொட்டகை. மேலே வந்த தண்ணீர் மணல், கரி வடிப்பான்களைக் கடந்து, சவ்வு வழியே அழுத்தித் தள்ளப்பட்டு, புற ஊதா விளக்கையும் ஓசோனையும் பார்த்துவிட்டுக் கேனுக்குள் விழுகிறது. சவ்வைக் கடக்காத உப்புத் தண்ணீர் கழிவு. இயந்திரத்தைப் பொறுத்து எடுத்ததில் கணிசமான பங்கு அப்படிப் போகும். பக்கத்து ஓடையிலோ காலி மனையிலோ விடுவார்கள். மின்சாரம், சவ்வு, வேன், ஆட்கள், உரிமம் என்று எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மூலப்பொருளுக்கு மட்டும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நிலத்துக்கு அடியில் ஊறும் நீரை நிலத்துக்காரரே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கவலையும் ஏற்றமும் இருந்த காலத்துச் சட்டம் அது. மாடு இழுத்து எவ்வளவு இறைக்க முடியுமோ அதுதான் எல்லை. அந்த எல்லையை மோட்டார் உடைத்தபின் சட்டத்தை மாற்றியிருக்கவேண்டும். சென்னைப் பெருநகருக்கு 1987-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் சட்டமன்றத்தில் ஒன்று நிறைவேறியது. பத்து ஆண்டுகள் அமலுக்கே வராமல் கிடந்து, 2013-இல் ரத்தானது. அதே 2013 செப்டம்பரில், கும்மிடிப்பூண்டியில் அடைத்த தண்ணீரை லிட்டர் பத்து ரூபாய்க்குப் பேருந்து நிலையங்களில் அரசே விற்கத் தொடங்கியது. ஏழைக்கு மலிவாகத் தண்ணீர் என்ற நோக்கத்தைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் நல்ல குடிநீர் என்றால் புட்டியில் வருவதுதான் என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது.

இதற்குத் தொழில்துறை சொல்லும் முதல் மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நிலத்தடி நீரை விழுங்குவது விவசாயமும் மற்றத் தொழில்களும். குடிநீர் ஆலைகளின் பங்கு சொற்பம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் கேன் விற்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது இரண்டு கோடி லிட்டர். வாரியம் நல்ல நாளில் நூறு கோடி லிட்டர் அளவுக்கு விநியோகிக்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு; கழிவையும் சேர்த்தால் நான்கு என்று வையுங்கள். சொற்பம்தான். ஆனால் நிலத்தடி நீருக்கு நகரச் சராசரி என்று ஒன்று கிடையாது. ஒரே சாலையில் நாலைந்து ஆலைகள் நெருங்கி நிற்கும் கிராமத்தில், பக்கத்துத் தோட்டத்து அறுபதடிக் கிணறு வற்றினால், அந்த விவசாயிக்கு நகரச் சராசரி தாகம் தீர்க்காது. மீஞ்சூர்ப் பக்கம் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்து இறைத்துக் கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது யாரும் மறுக்காத வரலாறு. அதைச் செய்தவை கேன் ஆலைகள் அல்ல. குடிநீர் வாரியத்துக்கும் அதில் பங்கு உண்டு. வறட்சியில் திருவள்ளூர்ப் பக்க விவசாயிகளின் கிணறுகளை வாரியமே வாடகைக்கு எடுத்தது. கிணற்றுக்காரருக்கு நெல்லைவிட நல்ல வருமானம். அவர் வயலில் நடவு நட்டும் களை எடுத்தும் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த வாடகையில் பங்கு இல்லை. வியாபாரமாகும்போது தண்ணீரின் விலை யார் கைக்கு வருகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த இரண்டு சதவீதத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். நகரம் குடிப்பது அவ்வளவு கொஞ்சம்தான் என்றால், அந்தக் கொஞ்சத்தைச் சுத்தமாகக் கொடுக்க முடியவில்லை என்று சொல்லும் வாய்ப்பு அரசுக்கு இல்லாமல் போகிறது. வியாபாரம் எடுத்துக்கொண்டது தண்ணீரில் பெரும்பங்கை அல்ல. மனிதர்கள் எதற்கு அதிகபட்ச விலை கொடுப்பார்களோ அந்தப் பங்கை. 2017 மார்ச்சில் தாமிரபரணி வழக்கில் கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் தருவதை எதிர்த்த மனுக்களை மதுரை உயர் நீதிமன்றக் கிளை தள்ளுபடி செய்தபோது, ஊரெங்கும் பேசப்பட்ட எண் ஒன்று உண்டு: ஆயிரம் லிட்டர் முப்பத்தேழரை ரூபாய். அப்போது கடையில் ஒரு லிட்டர் புட்டி இருபது ரூபாய். நடுவில் உள்ள தூரம் முழுக்க லாபம் என்று சொல்வது நியாயமில்லை. புட்டி, வரி, லாரி, கடைக்காரர் கழிவு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆற்றுக்கு அதில் எதுவும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த மறுப்பு சுத்தம் பற்றியது. கேன் பாதுகாப்பானது, அதனால் வாங்குகிறோம் என்பார்கள். 2001 மார்ச் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அப்படி முத்திரை பெற்ற புட்டிகளையே 2003-இல் டில்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் சோதித்துப் பூச்சிமருந்து எச்சம் இருப்பதை வெளியிட்டது. அதன் பிறகே விதி இறுக்கப்பட்டது. 2024-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் புட்டித் தண்ணீரை ஆபத்து மிகுந்த உணவு வகைகளோடு சேர்த்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள், அங்கு விற்கும் மூன்று நிறுவனங்களின் புட்டிகளில் லிட்டருக்குச் சராசரியாக 2 லட்சத்து 40 ஆயிரம் பிளாஸ்டிக் நுண்துகள்களை எண்ணினார்கள். உடலுக்கு அது என்ன செய்யும் என்பதில் முடிவான பேச்சு இன்னும் இல்லை. அதைப் பூதமாக்க நான் விரும்பவில்லை. வீட்டு வாசலில் இறங்கும் கேனைப் பார்த்தாலே போதும். பலமுறை நிரப்பப்பட்டு உராய்ந்து மங்கிய சுவர், வாய்ப்பக்கம் சுருங்கிய உறை, அதில் மை கலைந்து படிக்க முடியாத தேதி, கடைக்கு வெளியே வெயிலில் நின்றதால் அடியில் லேசாகப் பச்சை. உள்ளே இருப்பது நல்ல தண்ணீராகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்தது யார், எப்போது என்று கேட்க வாங்குபவருக்கு இடமே இல்லை. குழாயில் கோளாறு என்றால் வார்டு அலுவலகத்துக்குப் போகலாம், கவுன்சிலரைத் திட்டலாம், சாலையில் குடத்தோடு உட்காரலாம். கேன் சரியில்லை என்றால் வேறு கேன்காரரைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

வேலைவாய்ப்பை முன்வைக்கும் வாதமும் உண்டு. ஆயிரக்கணக்கான சின்ன முதலாளிகளும் வண்டியோட்டிகளும் இதில் பிழைக்கிறார்கள் என்பது மெய். தோளில் ஒன்று, கையில் ஒன்று என நாற்பது கிலோ சுமந்து லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏறும் பையனுக்குக் கேனுக்குச் சில ரூபாய் நிற்கும். குழாயில் அழுத்தம் செய்யவேண்டிய வேலையை அவன் முதுகெலும்பு செய்கிறது. அதை வேலைவாய்ப்பு என்று கொண்டாடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2020 தொடக்கத்தில் உரிமமில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களுக்குள் நகரம் குடிதண்ணீருக்குத் திண்டாடியது. ஏரிகளில் தண்ணீர் இல்லாததால் அல்ல. 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வந்திறங்கியதே, அது இயற்கையின் பஞ்சம். எட்டு மாதம் கழித்து வந்தது வியாபாரத்தின் பஞ்சம். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, ஊர் தாகத்தில் இருந்தது.

பிளாஸ்டிக்குக்கு இப்போது வரலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்த பதினான்கு வகைப் பொருள்களில் வாட்டர் பாக்கெட்டும் ஒன்று. புட்டி அந்தப் பட்டியலில் இல்லை. சாலையோரக் கூலியாள் வாங்கிய பண்டம் தடைக்குள் வந்தது, காரில் போகிறவர் வாங்குவது வரவில்லை. பாக்கெட்டைச் சேகரித்து மறுசுழற்சி செய்வது கடினம், புட்டிக்குப் பழைய சாமான் கடையில் விலை உண்டு என்ற காரணத்தில் உண்மை இருக்கிறது. பாக்கெட் போன இடத்தில் அதே ஆளுக்கு ஒரு குழாய் வைக்கப்பட்டதா என்றுதான் கேட்கவேண்டும். நீலகிரியில் அப்படிச் செய்ய முயன்றார்கள்: உயர் நீதிமன்ற வழிகாட்டுதலில் தண்ணீர்ப் புட்டிகளுக்கே தடை போட்டு, சாலை நெடுகத் தானியங்கிக் குடிநீர் நிலையங்களை நிறுவினார்கள். அவற்றில் பழுதாகி நிற்பவை பற்றிய புகார்கள் வருகின்றன. இருந்தாலும் வரிசை சரியானது. முதலில் மாற்று, பிறகு தடை.

கடைசியாக எஞ்சும் மறுப்பு, இந்திய நகரத்தில் குழாயிலிருந்து நேராகக் குடிப்பது நடக்காத காரியம் என்பது. 2021 ஜூலையில் ஒடிசாவின் பூரி அதைச் செய்தது: இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு, குடிக்கும் தரத்தில், வீட்டுக் குழாயிலும் தெருமுனை ஊற்றுகளிலும். பூரி இரண்டரை லட்சம் பேர் உள்ள ஊர்; சென்னை அதுபோல் பல பூரிகள், அதிலும் பின்னால் சேர்ந்த புறநகர்களில் பலவற்றுக்கு இன்னும் குழாயே ஒழுங்காக இல்லை. ஒரே நாளில் ஆகாது. ஒரு பேட்டையை எடுத்து, சாக்கடைக் குழாயோடு ஒட்டி ஓடும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றி, அங்கு மட்டும் எந்நேரமும் தண்ணீர் நிற்கச் செய்து, வாரியம் அன்றாடம் எடுக்கும் குளோரின் சோதனை முடிவைத் தெருவாரியாக ரேஷன் கடைப் பலகையில் எழுதிவைக்கலாம். செலவுக்கு வழியும் இருக்கிறது. வியாபாரத்துக்கு இறைக்கும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றிலும் மீட்டர் வைத்து, எடுத்த தண்ணீருக்கு, கழிவையும் சேர்த்து, கட்டணம் வாங்கலாம். அப்படி வாங்கினால் கேன் விலை ஏறும், ஏழைகளுக்குத்தானே கஷ்டம் என்று உடனே கேட்பார்கள். ஏறத்தான் செய்யும். ஆகவே அந்தப் பேட்டையை ஏழைகள் இருக்கும் பக்கமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும்; அண்ணா நகரிலோ அடையாறிலோ அல்ல, வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ தொடங்கவேண்டும்.